எங்கள் டிரைவ்வேயில் ஒரு பரஸ்தானம்

இரண்டு வருஷத்துக்கு மேல் பஸ்ஸிலும் ரயிலிலும் மலிவான விடுதிகளிலும் கழித்துவிட்டு நான் ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் பேர்லேண்டில் அக்கா வீட்டில் வந்து இறங்கியபோது, அந்தத் தெருவில் என்னிடம் முதலில் வந்து பேசியவர் எதிர்வீட்டு சபரிநாதன் அங்கிள். எங்கெல்லாம் போனேன் என்று அவர் கேட்கவில்லை. மற்ற எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள், பதில் முடிவதற்குள் அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்பதற்குத் தாவினார்கள். அங்கிள் கேட்டது வேறு. பொலிவியாவில் மலைப்பாதையில் பஸ் பழுதானால் யார் சரிசெய்வார்கள்? டிரைவரா, கம்பெனி ஆளா? ஸ்பேர் பார்ட் எங்கிருந்து வரும்? டிரைவரே அடியில் படுத்துக்கொள்வார், ஒருதடவை ஒரு பயணியின் பெல்ட்டைக் கழற்றி வாங்கி எதையோ இழுத்துக் கட்டினார் என்று சொன்னேன். அங்கிள், அந்தப் பயணி மாற்று பெல்ட் வைத்திருந்தாரா என்று கேட்டார்.

அவருடைய தொழில் அப்படி. கப்பல் கால்வாய் ஓரத்தில் இருக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஒன்றில் முப்பது வருஷம் பாதுகாப்பு எஞ்சினியராக இருந்தவர். ஒரு வால்வு போனால் இன்னொரு வால்வு தாங்க வேண்டும், அதுவும் போனால் மூன்றாவது ஒன்று தானாக மூடிக்கொள்ள வேண்டும். இதைத்தான் அவர் வாழ்நாள் முழுக்க வரைந்துகொண்டிருந்தார். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. வீட்டுச் சாவி மூன்று இடத்தில் இருக்கும். பேர்லேண்டிலேயே இருக்கும் மீனாட்சி கோயிலுக்குப் போனால் உள்ளே போகும்போது பிள்ளையாருக்கு ஒரு கும்பிடு, வெளியே வரும்போது அதே பிள்ளையாருக்கு இன்னொரு கும்பிடு. முதல் கும்பிடு பதிவாகாமல் போயிருந்தால் என்ன செய்வது என்பார். அவர் சிரிக்காமல் சொல்வதால் அது நகைச்சுவையா இல்லையா என்று தெரியாது. அவர் மனைவி அபயாம்பாள் ஆன்ட்டிக்குத் தெரியும். அது நகைச்சுவை இல்லை என்று சொல்வார்.

ஆன்ட்டி மாயவரத்துக்காரர். பேர்லேண்ட் பள்ளிகளில் சப்ஸ்டிட்யூட் டீச்சர். எந்த வகுப்பில் யார் லீவு என்றாலும் காலையில் போன் வரும், போய் நிற்பார். பிள்ளைகளுக்கு அவர் மிஸ் ஆபி. அக்காவிடம் மருந்து கேட்க வருகிற சாக்கில் எங்கள் வீட்டுக்கு வருவார், மருந்தைப் பற்றிப் பேசாமல் வகுப்பில் நடந்ததைச் சொல்லிவிட்டுப் போவார். என் அக்கா ஸ்ம்ருதி மெடிக்கல் சென்டரில் டாக்டர். பாதி நாள் தூக்கத்தில் இருப்பாள், அதனால் அவர் சொல்வதெல்லாம் எனக்குத்தான் வந்து சேரும்.

அப்படித்தான் அந்தப் பழைய கதைகளைக் கேட்டேன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சுற்றுலா என்று ஒரு இடத்துக்கும் போனதில்லை. போகத் திட்டமிடாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் ஆலையிலிருந்து போன் வந்தது. ஒருமுறை கிராண்ட் கேன்யன். பெட்டி கட்டி, புளியோதரை கிளறி, காரில் மேற்கே காலம்பஸ் என்ற சிற்றூர் வரை போய் பெட்ரோல் போட நின்றபோது போன். ஏதோ ஒரு யூனிட்டில் ஏதோ ஒன்று தானாக மூடிக்கொண்டுவிட்டது. காரைத் திருப்பி நேராக ஆலைக்கே போனார்கள், புளியோதரையைக் கண்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். இன்னொருமுறை ஸ்மோக்கி மவுன்டன்ஸ், ஏர்போர்ட் பார்க்கிங் வரை. அதன் பிறகு ஆன்ட்டி பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டார். அங்கிள் டிக்கெட் போட்டால் சரி என்பார். கிளம்புகிற நாள் வரும்வரை அலமாரியைத் திறக்க மாட்டார். பெரும்பாலும் திறக்கத் தேவையே இருக்காது. சண்டை போட்டதில்லை. எங்கே போகிறோம் என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டார்.

அங்கிளுக்கு அதுதான் உறுத்தியது. சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பார்.

ரிட்டயர் ஆன வருஷம் அவர் ஒரு பழைய ஆர்.வி. வாங்கினார். முன்னால் டிரைவர் சீட், பின்னால் கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் வைத்த வீட்டு வண்டி. கோயிலில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் பூஜை போட்டாயிற்று. எங்கள் தெருச் சங்கத்தின் விதிப்படி அதை வீட்டு வாசலில் நிறுத்தி வைக்கக் கூடாது, கிளம்புவதற்கு முன்னால் சாமான் ஏற்ற ஓரிரண்டு நாள் மட்டும் அனுமதி. அதனால் அது ஊர் ஓரத்தில் வண்டிகளை வாடகைக்கு நிறுத்தும் இடத்தில் நின்றது. அங்கிள் வாராவாரம் போய் அதைப் பார்த்துவிட்டு வருவார். ஆன்ட்டி வண்டிக்குள் ஒரே ஒருதடவை ஏறிப் பார்த்திருக்கிறார். சமையல் மேடையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாராம்.

இந்த மே மாதம் அங்கிள் கேடோ லேக் ஸ்டேட் பார்க்கில் இடம் பிடித்தார். செவ்வாயிலிருந்து வெள்ளி வரை. தண்ணீருக்குள்ளேயே சைப்ரஸ் மரங்கள் நிற்கும், கிளையெல்லாம் நரைத்த தாடி மாதிரி பாசி தொங்கும் இடம். ஆன்ட்டியிடம் சொன்னபோது அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ராத்திரி தயிர்சாதம் இல்லாமல் அவருக்குத் தூக்கம் வராது, வெளிச்சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது. தயிர் புளிக்காமல், மாவு பொங்காமல் வைத்துக் காட்டினால் வருகிறேன் என்றார். முப்பது வருஷத்தில் ஆன்ட்டி ஒரு பயணத்துக்கு நிபந்தனை போட்டது அதுவே முதல்தடவை. அங்கிள் அன்று மாலை எங்கள் வீட்டுக்கு வந்து அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். கண்டிஷன் போட்டால் வருவதாகத்தானே அர்த்தம் என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்தத் தடவையும் ஏதாவது ஆகி நின்றுபோனால் அவள் இனிமேல் கண்டிஷன்கூடப் போட மாட்டாள் என்றார்.

ஆகவே எல்லாம் அந்த ஃப்ரிட்ஜின் தலையில் வந்து நின்றது.

அது வீட்டு ஃப்ரிட்ஜ் மாதிரி இல்லை. அதில் மோட்டார் கிடையாது. பின்பக்கம் ஒரு சின்னச் சூடு, கரண்டிலோ கேஸிலோ. அந்தச் சூட்டில் குழாய்க்குள் இருக்கும் அமோனியா கொதித்து மேலே ஏறி, ஆறி, தானே வழிந்து இறங்கும். இறங்குகிற வழியில் உள்ளே இருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும். நெருப்பு வைத்து ஐஸ் பண்ணுகிற சாமான் என்று அங்கிள் கோயில் கேன்டீனில் எல்லோருக்கும் விளக்குவார். அவசரப்படாத சாமானும்கூட. டெக்சஸ் வெயிலில் சூடேறி நிற்கும் வண்டியில் அது முழுசாகக் குளிர ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகும். இன்னொன்று, வண்டி மட்டமாக நிற்க வேண்டும். தள்ளிவிட பம்ப் இல்லாததால், சாய்ந்து நின்றால் வழிய வேண்டியது வழியாமல் குழாயில் தேங்கிவிடும். சூடு மட்டும் ஏறும், குளிர்ச்சி வராது.

இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஞாயிற்றுக்கிழமை வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தார். முன்சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து ஏற்றினார், ரசமட்டத்தை ஃப்ரிட்ஜின் அடித்தட்டிலேயே வைத்துப் பார்த்தார், இறங்கி இன்னொரு பலகை கொடுத்தார். வெயில் ஃப்ரிட்ஜ் பக்கம் படாதபடி வண்டியின் மூக்கைத் தெருப்பக்கம் வைத்தார். வீட்டுக் கரண்டைச் சொருகினார். கராஜ் ஃப்ரீசரில் கல்லாக உறைய வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களை உள்ளே அடுக்கினார். கதவைத் திறந்தால் வாங்கின குளிர்ச்சி போய்விடும் என்று ஒரு டேப்பைக் கதவின் குறுக்கே ஒட்டினார். ஆன்ட்டி அதைப் பார்த்துவிட்டு, பரீட்சை பேப்பர் ரூமுக்குச் சீல் வைத்த மாதிரி இருக்கிறது என்றார்.

எஞ்சினியருக்கு வேண்டியது இத்தோடு முடிந்தது. ஆனால் அங்கிளுக்கு ஒரு பாதுகாப்பு போதாதே. செவ்வாய், புதன் இரண்டு நாளும் வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கிளம்பக் கூடாது. கேடோ லேக் ஹூஸ்டனுக்கு நேர் வடக்கு இல்லை, கொஞ்சம் கிழக்கே சாய்ந்த வடக்கு. போனில் மேப்பை எத்தனை தடவை திருப்பிப் பார்த்தும் அது வடக்காகவே இருந்தது. ஆலையில் நடந்ததற்கெல்லாம் அவர் காரணம் கண்டுபிடித்துவிடுவார், பயணங்கள் நின்றுபோனதற்கு மட்டும் அவரிடம் காரணம் இல்லை. எனவே இந்தத் தடவை பரஸ்தானம் வைத்துவிடுவது என்று முடிவு செய்தார்.

எனக்கு அந்த வார்த்தையே புதிது. கிளம்ப வேண்டிய நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல வேளையில் பயணப் பையையோ துணியையோ எடுத்துக்கொண்டு போய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டுமாம். பை வெளியே போய்விட்டால் ஆளும் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் புறப்பட்டாலும் தோஷமில்லை. ஏமாற்று வேலை மாதிரி இருக்கிறதே என்றேன். பைபாஸ் லைன், அடைப்பைச் சுற்றிப் போகிற குழாய் என்று அங்கிள் திருத்தினார்.

அவர் பையை மட்டும் வைக்கப்போவதில்லை. வண்டியையே வைக்கப்போகிறார். எங்கே? எதிர்வீட்டில், அதாவது எங்கள் வீட்டுக்கு முன்னால் கார் நிறுத்தும் டிரைவ்வேயில்.

திங்கட்கிழமை சாயங்காலம் கோயில் காலண்டரில் நல்ல நேரம் இருந்தது. ஆன்ட்டி அன்று காலையிலேயே மாவு அரைத்து வைத்திருந்தார். ஃப்ரிட்ஜ் ஓரளவு குளிர்ந்திருந்தது, இன்னும் ஒரு ராத்திரி ஓடினால் சரியாக இருக்கும் என்று அங்கிள் டேப்பைப் பிரித்து, மாவுப் பாத்திரத்தையும் தயிர்ப் பாத்திரத்தையும் உள்ளே வைத்து, மறுபடியும் ஒட்டினார். ஆன்ட்டியின் துணிப்பை ஒன்றைக் கேட்டார். பரஸ்தானத்துக்கு அது வேண்டும். நான் அப்போது அங்கே இருந்தேன். ஆன்ட்டி வீட்டுக்குள் போய் வெகுநேரம் வரவில்லை. ஏதாவது ஒரு பழைய பையில் ஒரு புடவையைப் போட்டுக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். ஜிப் இழுக்க முடியாதபடி நிரம்பிய ஒரு பையோடு வந்து வண்டிக் கட்டில்மேல் வைத்தார். அங்கிள் அதைப் பார்த்துவிட்டு, சரியாமல் இருக்கச் சுவரோரமாகத் தள்ளி வைத்தார்.

எங்கள் பக்கம்தான் தாமதம். அக்காவின் கார் டிரைவ்வேயில் நின்றது, அக்கா ட்யூட்டி முடிந்து அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தாள், சாவி அவள் கோட்டில் இருந்தது, கோட்டு எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. நல்ல நேரம் முடிய இன்னும் கொஞ்சமே இருந்தபோது காரை எடுத்துத் தெருவில் விட்டேன். அங்கிள் பலகையிலிருந்து வண்டியை இறக்கி, தெருவைக் கடந்து, எங்கள் டிரைவ்வேயில் ஏற்றி நிறுத்தினார். நேரம் தப்பவில்லை. ஃப்ரிட்ஜைக் கேஸுக்கு மாற்றிவிட்டு வெளிப்பக்கத் திறப்பு வழியாகக் குனிந்து பார்த்தார். நீலச் சுடர் சின்னதாக, ஆடாமல் எரிந்தது. என்னையும் குனியச் சொல்லிக் காட்டினார். ஒரு கற்பூரம் கொளுத்தினார்கள். அப்பாடா என்று இரண்டு பேரும் தங்கள் வீட்டுக்குத் தூங்கப் போனார்கள். ஆளும் பையோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லையாம்.

பேர்லேண்ட் தட்டையான ஊர். ஆனால் எங்கள் வீடு மழைநீர்க் குளத்தை ஒட்டியது, மண் போட்டு மேடாக்கிக் கட்டியது. டிரைவ்வே கராஜிலிருந்து தெருவுக்கு நன்றாகவே சரியும். பலகைகள் எதிர்வீட்டில், வண்டி நின்ற இடத்திலேயே கிடந்தன. அங்கிள் அவற்றைத் தாண்டிக்கொண்டுதான் தன் வீட்டுக்குள் போனார்.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டில் குளிரவைத்த மற்ற சாமான்களை ஏற்ற இரண்டு பேரும் வந்தார்கள். காய் நறுக்கிய டப்பாக்கள், பால், துருவிய தேங்காய். நான் காப்பிக் கோப்பையோடு வாசலில் நின்றேன். அங்கிள் டேப்பைப் பிரித்துக் கதவைத் திறந்தார், திறந்தபடியே நின்றார்.

மாவு பொங்கி மூடியைத் தூக்கிவிட்டு, மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டுக்கு வழிந்து, தயிர்ப் பாத்திரத்தைச் சுற்றி வளைத்து, கதவுவரை வந்திருந்தது. கல்லாக உறைந்திருந்த பாட்டில்களில் ஒரு துண்டு ஐஸ் இல்லை. உள்ளிருந்து இளஞ்சூடான புளிப்பு வாசனை வந்தது. அங்கிள் ஒரு பாட்டிலை எடுத்துக் குலுக்கிப் பார்த்தார். பிறகு பாட்டிலைத் தரையில் படுக்க வைத்தார். அது மெதுவாக உருண்டு வண்டியின் கடைசிவரை போய் முட்டி நின்றது.

அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. படியில் உட்கார்ந்துகொண்டார். எதிர்வீட்டு வாசலில் கிடந்த பலகைகளைப் பார்த்தார். நெருப்பைப் பார்த்தேனே, நெருப்பை மட்டும் பார்த்தேனே என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆலையில் இப்படி ஒரு விபத்துக்குப் பெயர் உண்டாம். ஒரு பாதுகாப்பை மாட்டப்போய் இன்னொன்றைக் கழற்றுவது. அதைப் பற்றி வகுப்பே எடுத்திருக்கிறாராம்.

பிறகு, முப்பது வருஷப் பழக்கத்தில், அடுத்து செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். வண்டியை வீட்டுக்குத் திருப்ப வேண்டும். பலகை மேல் ஏற்றி, அணைத்து ஆறவிட்டு, கரண்ட் போட்டு, முதலிலிருந்து குளிர வைக்க வேண்டும். இன்று போக முடியாது. நாளைக்கும் சூலம், மறுபடியும் புதிதாக நல்ல நேரம் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை போய்ச் சேர்ந்தால் வெள்ளிக்கிழமை இடத்தைக் காலி செய்ய வேண்டும், அதற்கு எட்டு மணி நேரம் போகவர வண்டி ஓட்டுவானேன். பார்க்குக்குப் போன் பண்ணி கேன்சல் பண்ணிவிட்டு, அடுத்த மாதம் நிதானமாக வைத்துக்கொள்ளலாம். சொல்லிக்கொண்டே போனை எடுத்துவிட்டார்.

ஆன்ட்டி அதுவரை ஒரு துணியை எடுத்து மாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். துணியை மடித்து மேடையில் வைத்துவிட்டு, முன்னால் போய் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"அபயம், இன்னிக்குப் போக முடியாதும்மா. சொன்னேனே."

"போங்கன்னு சொல்லலை. நான் இங்கே இருக்கேன்."

"வண்டியை வீட்டுக்குத் திருப்பணும்."

"திருப்பக் கூடாது. நேத்திக்கு நல்ல நேரத்துல கிளம்பியாச்சு. என் பை கிளம்பினா நான் கிளம்பின மாதிரின்னு நீங்கதானே சொன்னீங்க? கிளம்பின வண்டி நம்ம வாசலுக்குத் திரும்பி வந்தா, அதுக்குப் பேரு கேன்சல். பலகைதானே வேணும், போய் எடுத்துண்டு வாங்கோ."

இதெல்லாம் உனக்கு நம்பிக்கை கிடையாதே என்று அங்கிள் தயங்கிக்கொண்டே கேட்டார்.

"கிடையாது. உங்களுக்கு இருக்கே, அது போதும்."

அங்கிள் என்னைப் பார்த்தார். நான் காப்பியைப் பார்த்தேன். சரி, ஃப்ரிட்ஜ் இங்கேயே குளிரட்டும், நீ மட்டும் வீட்டில் வந்து இரு, வெயிலில் எதற்கு என்று சமாதானம் சொன்னார். அப்போதுதான் ஆன்ட்டி அவர் பக்கம் திரும்பினார்.

"உள்ள போனா நான் வெளிய வர மாட்டேன். என்னை எனக்குத் தெரியும். பையைப் பிரிச்சு மடிச்சு வெப்பேன், வாஷர்ல துணி போடுவேன், ஸ்கூல்லேர்ந்து போன் வந்தா வரேன்னு சொல்லிடுவேன். ஒவ்வொரு தடவையும் அதைத்தானே பண்ணேன்? உங்களைக் குத்தம் சொல்லலை. ஃபோன் வந்தா நீங்க போகத்தான் வேணும். ஆனா திரும்பி அந்த வீட்டுக்குள்ள போனது நான்தான். இந்தத் தடவை போகலை."

அங்கிள் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து போனார். பலகைகளைத் தூக்கிக்கொண்டு வரும்போது நானும் போய் ஒரு முனையைப் பிடித்தேன். எங்கள் சரிவுக்கு அந்தப் பலகைகள் போதவில்லை. கராஜில் இருந்த அக்காவின் பழைய புத்தக அலமாரியின் தட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டார். ஆன்ட்டி சீட்டை விட்டு இறங்கவில்லை, அவரோடு சேர்த்துத்தான் வண்டியை ஏற்றினோம். ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்ததும் அதை முன்னால் கொண்டுபோய் ஆன்ட்டியிடம் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, சரி என்று தலையசைத்தார். சூடு ஆறும்வரை அணைத்து வைத்து, எங்கள் கராஜிலிருந்து கரண்ட் இழுத்து, மறுபடியும் ஓடவிட்டார். எத்தனையோ நேரம் சாய்ந்து எரிந்திருக்கிறது, குழாயில் என்ன ஆகியிருக்கிறதோ, இனிமேல் குளிருமா என்பதே சந்தேகம் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். நாளைக் காலையில்தான் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாதிரி ஒரு நாளை நான் எந்த நாட்டிலும் பார்த்ததில்லை. ஆன்ட்டி எங்கள் டிரைவ்வேயில் பயணம் போய்க்கொண்டிருந்தார். வண்டியின் பக்கவாட்டில் சுருட்டியிருந்த துணிப்பந்தலை இழுத்துவிட்டு, அதன் நிழலில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். எதிரே அவருடைய சொந்த வீடு. ஒருதடவை அமேசான்காரன் அங்கே பெட்டி வைத்துவிட்டுப் போனான். ஆன்ட்டி அதை யாரோ வீட்டுப் பெட்டியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். வழிந்தது போக மிச்சமிருந்த மாவை வீணாக்க மனசில்லை. வெங்காயத்தையும் பச்சைமிளகாயையும் எங்கள் வீட்டிலிருந்து வாங்கி, வண்டி அடுப்பில் ஊத்தப்பம் போட ஆரம்பித்தார். எழுந்து வந்த அக்கா கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, ஏன் நம் வாசலில் ஓட்டல் நடக்கிறது என்பது. சொன்னேன். அவள் தூக்கக் கலக்கத்தோடு ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போய் ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்தாள். நாய்களை நடத்திக்கொண்டு போன அமெரிக்கர்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொன்று கிடைத்தது. அதில் ஒருவர் தெருச் சங்கத்து நிர்வாகி. வண்டியை எப்போது எடுப்பீர்கள் என்று கேட்க வந்தவர், இன்னொன்று வாங்கிக்கொண்டு, நாளைக்குள் எடுத்தால் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

அங்கிளுக்குத்தான் இருப்பு கொள்ளவில்லை. கதவைத் திறந்து பார்க்கக் கூடாது, ஆனால் பார்க்காமலும் இருக்க முடியவில்லை. பின்பக்கம் போய்க் குழாயைத் தொட்டுப் பார்ப்பார், வந்து உட்காருவார், எழுந்து போவார். மூன்றாம்முறை எழுந்தபோது ஆன்ட்டி அவர் சட்டை நுனியைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் பார்க்குக்குப் போன் பண்ணி, ஒருநாள் தாமதமாக வருகிறோம், இடத்தை விட்டுவிடாதீர்கள் என்று சொன்னதை நான் கேட்டேன். சொல்லி முடித்துவிட்டு, போனைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

பொழுது சாயும் நேரத்தில் நான் ஊத்தப்பத் தட்டுகளை எடுக்கப் போனேன். கொசுவர்த்தி மாதிரி ஏதோ ஒன்றைக் கொளுத்தி வைத்திருந்தார்கள். ஆன்ட்டி, எங்கோ பார்த்துக்கொண்டு, அந்த ஏரியில் படகு இருக்குமா என்று கேட்டார். அங்கிள் இருக்கும் என்றார். துடுப்புப் படகும் உண்டு, மோட்டார் படகும் உண்டு, மரங்களுக்கு நடுவிலேயே சந்து சந்தாகப் போகும் என்றார். முதலை இருக்கும் என்பதையும் சொல்லிவிட்டார், மறைக்கத் தெரியாத மனிதர். எவ்வளவு பெரிய முதலை என்று ஆன்ட்டி கேட்டார். நான் தட்டுகளை எடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

இரவு அவர்கள் வண்டியிலேயே படுத்தார்கள்.

புதன்கிழமை காலையில் நான் போனபோது ஃப்ரிட்ஜ் கதவு திறந்திருந்தது. அங்கிள் அதன் ஃப்ரீசர் பெட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து நீட்டினார். கை சில்லிட்டது. பாதி தண்ணீர், பாதி ஐஸ். குழாய் தப்பித்துவிட்டது என்றார். எதிர்வீட்டு ஃப்ரிட்ஜிலிருந்து புதுத் தயிரையும் பாலையும் காய்களையும் அவரும் நானும் கொண்டுவந்து கொடுக்க, ஆன்ட்டி வண்டியில் நின்றபடியே வாங்கி அடுக்கினார்.

எல்லாம் முடிந்த பிறகு ஆன்ட்டிக்குக் காலணி ஞாபகம் வந்தது. போட்டிருந்தது ரப்பர் செருப்பு. சேற்றில் நடக்க ஆகாது. தன் அலமாரியின் அடித்தட்டில் ஒரு ஷூ பெட்டி இருக்கும், எடுத்து வர முடியுமா என்று என்னைக் கேட்டார். எடுத்து வந்தேன். மலை ஏறப் போடுகிற மாதிரிக் கனமான ஷூ, புதுசு, மூக்கில் திணித்த காகிதம்கூட எடுக்கப்படவில்லை. கிராண்ட் கேன்யனுக்கு வாங்கியது என்றார். படியில் உட்கார்ந்து காகிதத்தை உருவிப் போட்டு, நாடாவை நன்றாக இழுத்துக் கட்டிக்கொண்டு, டிரைவ்வேயில் இறங்கி நடந்து பார்த்தார். நாலைந்து அடி வைத்திருப்பார். வலதுகால் ஷூவின் அடிப்பாகம் சிமெண்டிலேயே தங்கிவிட்டது. இன்னும் இரண்டு அடியில் இடதும் கழன்றது. இத்தனை வருஷம் போடாமலே இருந்ததில் பசை பொடியாகிப் போயிருந்தது.

ஆன்ட்டி குனிந்து தன் காலைப் பார்த்தார். நானும் அக்காவும் அங்கிளைப் பார்த்தோம். அங்கிள் கழன்ற அடிப்பாகம் ஒன்றைக் கையில் எடுத்து, விரலால் நசுக்கிப் பார்த்தார். உதிர்ந்தது. சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்திருக்கும், கிளம்பும்போது தடங்கல், திரும்பி உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும் என்று. வாயைத் திறந்தார், ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

"வழியில லஃப்கின்ல வாங்கிக்கலாம்" என்றார். "ஏறு."

ஆன்ட்டி ஷூவைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். பலகை ஒவ்வொன்றிலிருந்தும் வண்டி தடக் தடக்கென்று இறங்கி, தெருவில் திரும்பி, மூலையில் நின்று, இடப்பக்கம் போனது. அக்கா சிமெண்டில் சிதறியிருந்த கறுப்புத் தூளைப் பெருக்கத் துடைப்பம் எடுக்கப் போனாள்.